சக்கரங்களின் மேல் ஒரு வீடு: காப்பீடு எதைக் காக்கும்?

சென்ற ஆண்டின் இறுதியில் பெங்களூரிலுள்ள எங்கள் கிளைக்கு ஒரு தம்பதியர் வாகனக் கடன் கேட்டு வந்தனர். கணவர் 57 வயதில் விருப்ப ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளி ஆசிரியையாக இருந்தவர். மகனும் மகளும் வெளிநாட்டில் குடியமர்ந்துவிட்டனர். அடுக்ககத்து வீட்டைப் பூட்டிவிட்டு, படுக்கையும் சமையலறையும் கழிப்பறையும் அமைந்த மோட்டார்ஹோம் ஒன்றில் ஆண்டு முழுவதும் நாட்டைச் சுற்றியபடியே வாழ்வது அவர்களது திட்டம். கடனுக்கு வேண்டிய ஆவணங்களை எல்லாம் வரிசையாகக் கோத்துக் கொண்டுவந்திருந்தனர். காப்பீட்டைப் பற்றி என்ன எண்ணியிருக்கிறீர்கள் என்று கேட்டோம். "வண்டிக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுத்துவிடுவோம் சார். அதிலேயே எல்லாம் அடங்கிவிடும் இல்லையா?" என்றார் கணவர்.

அடங்காது என்பதை விளக்கிச் சொல்ல அன்று ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இதே கேள்வியுடன் வேறு சில வாடிக்கையாளர்களும் வந்திருப்பதால், அந்த உரையாடலின் சாரத்தை இங்கே எழுதுகிறோம். மோட்டார்ஹோம் என்றதும் திரைப்படப் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் கேரவன்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அது சில மணி நேர ஓய்வறை. நாம் பேசுவது, வேறு வீடு இல்லாமல், அல்லது வேறு வீட்டுக்குத் திரும்பாமல், வண்டியிலேயே வாழ்பவர்களைப் பற்றி.

அமெரிக்காவில் இத்தகையோர் ஏராளம். ஆகையால் வாகனப் பாலிசியையும் வீட்டுப் பாலிசியையும் இணைத்து, முழுநேரம் வண்டியில் வசிப்போருக்கென்றே தனிக் காப்பீடு அங்கே விற்கப்படுகிறது. நம் நாட்டில் பொதுவாகக் கிடைப்பவை இரண்டு தனித்தனிப் பாலிசிகளே. வாகனப் பாலிசி வண்டியைப் பார்க்கிறது. அதனுள் வாழும் குடும்பத்தின் பண்டபாத்திரங்களைப் பார்ப்பதில்லை. வீட்டுப் பாலிசி குறிப்பிட்ட முகவரியில் நிற்கும் கட்டடத்தையும் அதனுள் இருக்கும் பொருள்களையும் பார்க்கிறது. சாலையில் ஓடும் வீட்டைப் பார்ப்பதில்லை. ஆண்டு முழுவதும் வண்டியில் வாழ்பவர் இவ்விரண்டுக்கும் நடுவேயுள்ள இடைவெளியில் நிற்கிறார். அந்த இடைவெளியை அவரே ஒவ்வொன்றாக அடைக்க வேண்டியிருக்கிறது.

பதிவுச் சான்று என்ன சொல்கிறது?

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பதிவுச் சான்றில் வாகனம் எந்த வகையாகக் குறிக்கப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கான கேம்பர் வேன், போக்குவரத்து அல்லாத வாகனமாகப் பதிவாகிறது. வாடகைக்கு விடப்படுவது போக்குவரத்து வாகனம். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ் 124 என்னும் தொழில்நுட்பத் தரமும் உண்டு. சிக்கல் எங்கே வருகிறது என்றால், சாதாரண வேனை வாங்கி, அருகிலுள்ள பட்டறையில் இருக்கைகளைக் கழற்றிக் கட்டிலையும் அடுப்பையும் பொருத்திக்கொள்ளும்போது வருகிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. பதிவுச் சான்றில் பயணிகள் வேன், உள்ளே வீடு என்றிருந்தால், இழப்பீடு கோரும் நாளில் மதிப்பீட்டாளரின் முதல் கேள்வி அதுவாகவே இருக்கும். முறையான அனுமதி பெற்ற கட்டுமான நிறுவனத்திடம் வாங்கி, பதிவுச் சான்றிலும் பாலிசியிலும் ஒரே விவரம் இடம்பெறச் செய்வதே பாதுகாப்பு.

ஊர் சுற்றாத மாதங்களில் வண்டியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. தனியார் வாகனப் பாலிசியில் "வாடகைக்கோ கூலிக்கோ அல்ல" என்ற வரம்பு இருக்கிறது. அந்த ஒரு வாரத்தில் விபத்து நேர்ந்தால் சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு கணக்கு

தம்பதியர் முன் ஒரு தாளில் நாங்கள் போட்டுக் காட்டிய கணக்கு இது. வேனின் விலை ரூ. 18 லட்சம், உள்ளமைப்புக்கு ரூ. 12 லட்சம், ஆக ரூ. 30 லட்சம். கடன் ரூ. 24 லட்சம், ஏழு ஆண்டுகள், வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ ரூ. 39,840. மூன்றாண்டுத் தவணைகளைத் தவறாமல் கட்டிய பிறகும் கடன் பாக்கி ஏறத்தாழ ரூ. 15.7 லட்சம் இருக்கும்.

வாகனப் பாலிசியில் முழு இழப்புக்குக் கிடைப்பது வாங்கிய விலை அன்று. ஐடிவி எனப்படும் அறிவிக்கப்பட்ட காப்பீட்டு மதிப்பே. வழக்கமான அட்டவணைப்படி, ஓராண்டைக் கடந்த வாகனத்துக்கு 20 விழுக்காடு, இரண்டாண்டைக் கடந்தால் 30, மூன்றாண்டைக் கடந்தால் 40, நான்கைக் கடந்தால் 50 என்று தேய்மானம் கழிக்கப்படுகிறது. நான்காம் ஆண்டின் தொடக்கத்தில் வண்டி தீக்கிரையானால், ரூ. 30 லட்சத்துக்குக் கிடைப்பது ரூ. 18 லட்சம். பாலிசியில் அடமான உரிமையாளராக வங்கியின் பெயர் இருப்பதால் கடன் பாக்கி முதலில் கழியும். எஞ்சுவது ரூ. 2.3 லட்சம் அளவில். காருக்கு இப்படி நேர்ந்தால் பேருந்தில் போகலாம். இங்கே போனது குடியிருந்த வீடு.

இதைவிடக் கடுமையான நிலையும் உண்டு. பலர் உள்ளமைப்பின் மதிப்பைப் பாலிசியில் சொல்வதே இல்லை. அப்போது ரூ. 18 லட்சத்தின் மீது மட்டும் கணக்கிட்டு ரூ. 10.8 லட்சம் கிடைக்கும். வீடும் போய், ஏறத்தாழ ரூ. 4.9 லட்சம் கடன் மட்டும் தோளில் நிற்கும். இந்த வரியை எழுதிக் காட்டியபோது கணவர் தம் கண்ணாடியைக் கழற்றி மேசை மீது வைத்தார்.

ஆகவே உள்ளமைப்புக்குத் தனி ரசீது பெறுங்கள். குளிர்சாதனப் பெட்டி, சூரிய மின்தகடு, கூடுதல் மின்கலம், தண்ணீர்த் தொட்டி என உருப்படி வாரியாக விலை இருக்கட்டும். மின் சாதனங்களும் மற்றப் பொருத்துகளும் பாலிசியில் தனித் தனியாக மதிப்பிட்டுச் சேர்க்கப்பட வேண்டியவை. பகுதிச் சேதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நைலான், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கும் மின்கலத்துக்கும் 50 விழுக்காடும், ஃபைபர் கிளாஸ் பாகங்களுக்கு 30 விழுக்காடும் கழித்த பிறகே இழப்பீடு தரப்படும். மோட்டார்ஹோமின் உட்புறத்தில் பெரும்பகுதி இவைதான். தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் காப்புக்கும், வாங்கிய விலையையே தரும் கூடுதல் காப்புக்கும் சற்று அதிகப் பிரீமியம் செலுத்துவது இங்கே வீண்செலவாகாது. ஆனால் பின்னது பொதுவாக வாகனத்தின் முதல் சில ஆண்டுகளுக்கே கிடைக்கும்.

அடுப்பும் அண்டை அயலும்

பாலிசிப் படிவத்தில் "எல்பிஜி" என்ற சொல்லைக் கண்டு, சமையல் எரிவாயுவுக்கும் காப்பு உண்டு என்று எண்ணுவோர் உளர். அது எஞ்சினுக்கு எரிவாயு ஊட்டும் கருவியைக் குறிப்பது. சமையல் உருளை பொருத்தப்பட்டிருப்பதைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எண்ணெய் நிறுவனங்கள் எரிவாயு விபத்துகளுக்கு எடுத்துள்ள காப்பீட்டில், பொருட்சேதத்துக்கான இழப்பீடு வாடிக்கையாளரின் பதிவு செய்த முகவரியைச் சார்ந்தது. நகரும் சமையலறைக்கு அந்த முகவரி இல்லை.

மூன்றாம் தரப்புக் காப்பீடு 146ஆம் பிரிவின்படி கட்டாயம். அது பொது இடத்தில் வாகனத்தின் பயன்பாட்டால் பிறருக்கு நேரும் தீங்குக்கானது. ஒரு தோட்டத்தில் மூன்று மாதம் வண்டியை நிறுத்தி வாழும்போது, விருந்தினர் ஒருவர் அடுப்புத் தீயில் காயமுற்றால், அது வாகன விபத்தா, இல்ல விபத்தா என்ற வழக்கு எழும். தனிநபர் பொறுப்புக் காப்பு ஒன்றைத் தனியே கேட்டு வாங்குவது நல்லது.

வண்டிக்குள் இருக்கும் மடிக்கணினி, கேமரா போன்றவற்றுக்குச் செல்லும் இடமெல்லாம் செல்லுபடியாகும் தனிப் பாலிசிகள் உள்ளன. நகைகளை எடுத்துச் செல்லவே வேண்டாம். பெட்டகத்தில் வைத்தாலும் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: பெட்டகத்திலுள்ள பொருள்களுக்கு வங்கி காப்பீடு செய்வதில்லை. தீ, திருட்டு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையின் நூறு மடங்கு வரையே.

பூட்டிய வீடு

வண்டியில் வாழ்பவர்கள் மறப்பது, விட்டுச் சென்ற வீட்டை. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்கும் பாரத் கிரஹ ரக்ஷா பாலிசி, தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றுக்கு நல்ல காப்பு. ஆனால் அதில் திருட்டு என்பது, அத்தகைய பேரிடர் நேர்ந்து ஏழு நாள்களுக்குள் அதன் விளைவாக நிகழ்ந்தால் மட்டுமே அடங்கும். பூட்டை உடைத்து நடக்கும் திருட்டுக்குத் தனிக் காப்பு வேண்டும். அந்தத் தனிக் காப்பிலோ, வீடு தொடர்ந்து இத்தனை நாள் ஆளின்றி இருந்தால் பொறுப்பில்லை என்ற நிபந்தனை பெரும்பாலும் இருக்கும். பாலிசியில் அந்த எண்ணைத் தேடிப் படியுங்கள்.

உயிரும் உடலும்

உரிமையாளர் ஓட்டுநருக்கு ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு கட்டாயம். பக்கத்தில் அமர்ந்து வரும் மனைவிக்கு அது பொருந்தாது; பயணிகளுக்கான காப்பைத் தனியே சேர்க்க வேண்டும். இருவரும் மாறி மாறி ஓட்டுவதானால் இருவர் உரிமத்தையும் பாருங்கள். 55 வயதுக்கு மேல் புதுப்பிக்கப்படும் உரிமம் ஐந்தாண்டுக்கே செல்லும். மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டும் பேருந்து வகை மோட்டார்ஹோமுக்கு இலகு ரக உரிமம் போதாது.

பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரையுள்ளோர் ஆண்டுக்கு ரூ. 20 செலுத்தி ரூ. 2 லட்சம் விபத்துக் காப்புப் பெறலாம். காப்புக் காலம் ஜூன் 1 முதல் மே 31 வரை. தொகை கணக்கிலிருந்து தானே கழியும். கணக்கில் இருப்பு இல்லாமல் இந்த இருபது ரூபாய் தவறிப்போனவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம்.

மருத்துவக் காப்பீட்டில் பல பாலிசிகள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துப் பிரீமியம் நிர்ணயிக்கின்றன. சிறு நகர மண்டலத்தில் எடுத்து மும்பையிலோ தில்லியிலோ சிகிச்சை பெற்றால் செலவில் ஒரு பங்கை நீங்களே ஏற்க நேரலாம். நாடு சுற்றுபவர் உயர் மண்டலத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 ஜனவரி முதல், வலையமைப்பில் இல்லாத மருத்துவமனைகளிலும் ரொக்கமில்லாச் சிகிச்சை பெற வழி செய்யப்பட்டுள்ளது. திட்டமிட்ட சிகிச்சையானால் 48 மணி நேரம் முன்பும், அவசரமானால் சேர்ந்த 48 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும்.

இத்தனைக்கும் கடிதம் வந்து சேர ஒரு முகவரி தேவை. முகவரி மாறினால் 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 49ஆம் பிரிவு. ஒரே வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டி தங்கினால் மறுபதிவும் வேண்டும்.

தம்பதியர் அடுத்த வாரம் மீண்டும் வந்தனர். வீட்டைப் பூட்டிவைக்காமல் வாடகைக்கு விட்டு, அதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிப்பது என்று முடிவு செய்திருந்தனர். சேமிப்பிலிருந்து கூடுதலாக முன்பணம் செலுத்திக் கடனை ரூ. 18 லட்சமாகக் குறைத்துக்கொண்டனர். உள்ளமைப்புக்கு 31 உருப்படிகள் கொண்ட ரசீது கையில் இருந்தது. எழுந்து புறப்படும்போது அம்மையார், "பசுபதிநாதரைப் பார்க்க நேபாளம் போகலாமா?" என்று கேட்டார். வாகனப் பாலிசியின் எல்லை இந்தியா. கூடுதல் பிரீமியம் செலுத்தினால் நேபாளம், பூட்டான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு ஆகியவற்றுக்கு நீட்டித்துக்கொள்ள மேற்குறிப்பு உண்டு. மாலத்தீவுக்கு வண்டியில் எப்படிப் போவது என்று அவர் சிரித்தார். கணவர் கைப்பேசியை எடுத்து, நேபாளத்தையும் பூட்டானையும் சேர்க்கும்படி அங்கேயே அமர்ந்து காப்பீட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கினார்.