பசை காய்வதற்கு முன்

தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் மேலேறிய காலந்தொட்டு ஆகாயத்தின் மீது தனியொரு மோகம் கொண்ட ஜில்லா திருவனந்தபுரம். அதன் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டிக் கிடக்கும் திருப்புறம், பாறசாலை, காரோடு முதலிய கிராமங்களிலும், தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவில் பழகிய பிள்ளைகளோ, யூடியூபைப் பார்த்து ஆசை கொண்டவர்களோ, ஆன்லைனில் ஒரு ‘கிட்’ வரவழைத்து வீட்டுத் திண்ணையிலேயே மாதிரி விமானம் கட்ட உட்காருவது இன்று அதிசயமன்று. அந்தப் பெட்டியிலுள்ள பாகங்களில் எடையால் அற்பமானது வால். ஆயினும் மூக்கின் ஏற்ற இறக்கத்தையும் செல்லும் திசையையும் ஆள்வது அதுவே ஆதலால், இறக்கையில் நேர்ந்த சிறு பிழையை ஒருவாறு பொறுத்துக்கொள்ளும் விமானம், வாலில் நேர்ந்த பிழையைப் பொறுப்பதில்லை. அத்தகைய பிழையால் விமானம் ஒருவர் தலையில் விழுந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு விடை, பெரும்பாலும், பசை வைத்த கணத்தை அனுசரித்தே அமைகிறது.

2020 ஜூலை 20 முதல் அமலிலுள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருளின் உற்பத்தியிலோ வடிவமைப்பிலோ குறையிருந்து அதனால் தீங்கு விளைந்தாலும், சரியாகப் பயன்படுத்தும் முறையையும் அபாய எச்சரிக்கையையும் போதிய அளவில் சொல்லாமல் விட்டதனால் தீங்கு விளைந்தாலும், உற்பத்தியாளரிடம் இழப்பீடு கோரும் உரிமையை அளிக்கிறது. உற்பத்தியாளர் இன்னாரென்றே தெரியாத அயல்நாட்டுச் சரக்காயின் விற்றவரே பொறுப்பாளி ஆகிறார். ஆனால் தீங்கு நேர்ந்த சமயத்தில் அப்பொருள் மாற்றியமைக்கப்பட்டோ தவறாகப் பிரயோகிக்கப்பட்டோ இருந்தால் விற்றவர்மீது அத்தகைய வழக்குச் செல்லாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. கிட்டோ நாமே கட்டி முடிக்க வேண்டிய பொருள். வளைந்த பால்சா மரப் பலகையை ‘சமாளித்துக்கொள்ளலாம்’ என்று உடலோடு ஒட்டிவிட்ட பிறகு, வளைவு பெட்டியிலேயே இருந்ததா, நம் கையால் வந்ததா என்பதை நிரூபிப்பது மிகவும் பிரயாசையான காரியம். ஆகவே பெட்டியைப் பிரிப்பதை மொபைலில் படமெடுத்து, பில்லையும் குறிப்பேட்டையும் பத்திரப்படுத்திவிட்டு, பாகங்களை ஒட்டாமல் பொருத்திப் பார்த்த பின்னரே பசைக் குப்பியைத் திறத்தல் வேண்டும்.

எதைப் பார்ப்பது? கிடையாக நிற்கும் வால்பலகையும் அதன் பின்விளிம்பில் கீல்களால் ஆடும் எலிவேட்டரும், செங்குத்தாக நிற்கும் பலகையும் அதன் பின்னுள்ள ரட்டரும் முறுக்கின்றி, ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்தால் எங்கும் தூக்காமல் படிய வேண்டும். உடலில் பொருத்தியபின், வால்பலகையின் இரு முனைகளிலிருந்தும் மூக்கின் நடுப்புள்ளி வரைக்கும் நூல் பிடித்தால் இரண்டும் ஒரே நீளமாக இருக்க வேண்டும். பின்னால் நின்று பார்த்தால் வால்பலகை இறக்கைக்கு இணையாகவும், செங்குத்துப் பலகை அதற்குச் செங்கோணத்திலும் தெரிய வேண்டும். கீல் ஒவ்வொன்றையும் பசை நன்றாகப் பிடித்த பின் விரலால் இழுத்துப் பார்ப்பதில் தாட்சண்யம் கூடாது. தளர்ந்த கீலும், ஆட்டங்கொடுக்கும் தள்ளுகம்பியும் வேகத்தில் எலிவேட்டரைப் படபடக்க வைத்து, சில வினாடிகளுக்குள் அதைப் பிய்த்தெறிந்துவிடக்கூடும். உறுதிக்காக வாலில் பசையை வாரிப் பூசுவதும் பேதைமையே. மூக்கைவிட வால் ஈர்ப்பு மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருப்பதனால், பின்னே ஏறிய ஒரு கிராமை ஈடுகட்ட முன்னே பல கிராம்கள் சேர்க்க நேரிடும், வால் கனத்த விமானமோ அடங்காத சுபாவமுடையது. இவற்றை அசைக்கும் சிறு மோட்டாராகிய சர்வோவை இணைத்துச் சோதிக்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு, ரிமோட்டின் குச்சியைத் தன்பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலெழுகிறதா, வலப்பக்கம் தள்ளினால் ரட்டர் வலப்பக்கம் திரும்புகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். தலைகீழாக இணைத்த எலிவேட்டரோடு பறக்கவிட்ட விமானத்தைக் காப்பாற்ற எந்தச் சட்டத்தாலும் முடியாது.

பசையைப் பற்றி, வீட்டுப் பெரியவர்கள் பலர் அறியாத ஒரு செய்தி உண்டு. கணத்தில் ஒட்டும் சையனோஅக்ரிலேட் பசை பருத்தியில் பட்டால் திடீரெனச் சூடேறிப் புகையும். சாரம் உடுத்தி மடியில் வைத்து ஒட்டுகிறவரின் தொடையில் அது சிந்தினால் தோல் வெந்துபோகும் அளவுக்கு அச்சூடு கடுமையாக இருக்கலாம். துணியால் துடைப்பதும் அதே ஆபத்தே. விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் சோப்புக் கலந்த வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்க வேண்டும். கண்ணில் தெறித்தால் இமையைப் பலவந்தமாகத் திறக்க முயலாமல் வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

கட்டி முடிந்ததும் உரிமையின் மறுபக்கமாகிய கடமை வருகிறது. 2021 ஆகஸ்டு 25ஆம் தேதியிட்ட டிரோன் விதிகள், ரிமோட்டினால் இயங்கும் மாதிரி விமானங்களையும் தம் வரம்புக்குள் கொண்டுவந்துள்ளன. பொழுதுபோக்குக்கும் கல்விக்கும் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்று தேவையில்லை. இரண்டு கிலோ வரையுள்ளதை வியாபார நோக்கின்றிப் பறக்கவிடுகிறவருக்கு உரிமமும் தேவையில்லை. ஆனால் அரசின் இணையதளத்தில் பதிந்து அடையாள எண் பெற்றாக வேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்டதற்கு மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகும். அவ்விதிகள் வகுத்த பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன்னனுமதியின்றிப் பறக்கலாம் என்றாலும், விமான நிலையத்துக்கு எட்டத்தில் திருப்புறம் இருப்பதை எண்ணி அமைதி கொள்வதற்கில்லை. விழிஞ்ஞம் துறைமுகம் அண்மையிலிருக்கிறது, பாதுகாப்புக் காரணங்களால் மண்டலங்கள் மாறவும் கூடும் ஆதலால், பறக்கும் அன்றைக்கே மண்டலங்களைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம். தென்னை விளைகளும் மின்கம்பிகளும் நெருங்கிய அப்பிரதேசத்தில் திறந்த வெளி அரிது. கழக்கூட்டத்திலிருந்து காரோடு வரை செல்லும் புறவழிச்சாலையின் ஓரம் விசாலமாகத் தோன்றலாம். விரைந்து வரும் மோட்டார் சைக்கிளின் எதிரே விழும் ஒரு கிலோ விமானம், பிறர் உயிருக்கு ஆபத்து விளைக்கும் கவனக்குறைவைத் தண்டிக்கும் பாரதிய நியாய சம்ஹிதையின் 125ஆம் பிரிவை நம் வாசலுக்கு அழைத்து வரும். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்துக்குள் இணையவழியே அறிவிக்க வேண்டும்.

குறை கிட்டில்தான் என்றால் பரிகாரம் கைக்கெட்டியதே. பில்லில் வேறு காலக்கெடு இல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதைச் சட்டம் நேர்மையற்ற வணிகமென்கிறது. ஆன்லைன் நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாக அறிவித்து, ஒரு மாதத்தில் தீர்க்கக் கடமைப்பட்டவர். தீராவிட்டால், விற்பனையாளர் தில்லியிலிருந்தாலும் புகார்தாரர் வசிக்கும் ஜில்லாவின் ஆணையத்திலேயே, இரண்டாண்டுக்குள், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்குக் கட்டணமின்றி வழக்கிடலாம். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பார்ப்பது நல்லது; அங்கே தமிழிலும் பேசலாம். அதிகாரிகளிடம் எழுத்தில் முறையிடுவதாயின், அரசியல் சாசனத்தின் 350ஆம் ஷரத்து, ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் மனுச் செய்யும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தந்திருப்பதால், திருப்புறத்துத் தமிழர் தம் மனுவைத் தமிழிலேயே எழுதலாம். வளைந்த வால்பலகையின் படமும் பில்லின் நகலும் அதனோடு போக வேண்டும்.