இனிப்பு நீரும் இருதயமும்: இத்தனை மாத்திரை எதற்கு?

"சீனிதான் குறைந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஐந்து மாத்திரை?" ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா கிளினிக்குகளில் மருந்துப் பையை வாங்கும்போது நம்மவர் பலருக்கும் எழும் கேள்வி இது. தோட்டத்து டிரஸ்ஸர் எல்லா நோய்க்கும் ஒரே மிக்சரைக் கொடுத்த காலம் பெரியவர்களின் நினைவில் இன்னும் இருக்கிறது.

இனிப்பு நீர் உள்ளவர்களின் உயிரைப் பெரும்பாலும் பறிப்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான். சீனி, இரத்த அழுத்தம், கொழுப்பு மூன்றும் கூட்டாகவே இரத்தக் குழாயைக் கெடுக்கின்றன. ஒன்றை மட்டும் அடக்கினால் மற்ற இரண்டும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

டென்மார்க்கில் 1993இல் தொடங்கிய ஸ்டெனோ ஆய்வு இதைக் கண்கூடாகக் காட்டியது. பங்கேற்ற இனிப்பு நீர் நோயாளிகள் 160 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்குச் சீனி, அழுத்தம், கொழுப்பு மூன்றுக்கும் மருந்து, ஆஸ்பிரின், கூடவே உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும். ஏறக்குறைய எட்டு ஆண்டுகளில் இரண்டாம் பிரிவினருக்கு இருதய, இரத்தக் குழாய் பாதிப்புகள் பாதியாகக் குறைந்தன. 21 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அவர்கள் சுமார் எட்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்திருந்தனர்.

இங்கு நிலைமை என்ன? 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. அதே ஆண்டு வெளியான ஹோப்-4 ஆய்வு மலேசியாவிலும் கொலம்பியாவிலும் நடந்தது. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இரண்டு அழுத்த மருந்துகளும் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டினும் இலவசமாகத் தரப்பட்டன; மாத்திரையை நினைவூட்டக் குடும்பத்திலோ நட்பிலோ ஒருவர் துணை நின்றார். ஓராண்டில் அழுத்தம் கட்டுக்குள் வந்தவர்கள் வழக்கமான சிகிச்சையைவிட இரு மடங்கு. மருமகளோ பேரனோ செய்யக்கூடிய வேலைதான் அது.

"மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்" என்ற பயம் தோட்டப்புறத்தில் வேரூன்றியது. உண்மையில் கிட்னியைக் கெடுப்பவை அடங்காத சீனியும் அழுத்தமும்தான். முட்டி வலிக்குக் கடையில் தாமாக வாங்கி விழுங்கும் வலி நிவாரணிகளுக்கும் அதில் பங்குண்டு. அதை யாரும் சந்தேகிப்பதில்லை!

புது மருந்துகளில் எம்பாகிளிஃப்ளோசின் குறிப்பிடத்தக்கது. இருதய நோயும் உள்ள இனிப்பு நீர் நோயாளிகளிடம் இருதய மரணத்தை இது 38 விழுக்காடு குறைத்ததாக 2015இல் தெரியவந்தது. ஆனால் மாசி மகத்திற்குச் செங் சன்னாசிமலைக்கு விரதமிருப்போர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். பட்டினியோடு இதைத் தொடர்ந்தால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்துண்டு. ஆஸ்பிரினும் எல்லாருக்கும் ஏற்றதல்ல, இரத்தக் கசிவு ஏற்படலாம்.

இனிப்பு நீர் நரம்பை மரத்துப்போகச் செய்வதால் மாரடைப்பு நெஞ்சு வலியே இல்லாமலும் வரும். காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், திடீர்ச் சோர்வு இருந்தால் 'காற்றுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துக் காத்திராமல் உடனே 999-ஐ அழைக்க வேண்டும்.