ஸ்டோய்ச்கோவ்: பல்கேரியா கண்ட ஒரே தங்கப் பந்து

ஹ்ரிஸ்டோ ஸ்டோய்ச்கோவ் 1966 பிப்ரவரி 8 அன்று பல்கேரியாவின் இரண்டாவது பெரிய நகரமான ப்ளோவ்திவில் பிறந்தார். ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரருக்கு அப்போது தரப்பட்ட தங்கப் பந்து விருதை வென்ற பல்கேரியர் இன்றுவரை அவர் ஒருவர்தான். 1994 உலகக் கோப்பையில் அவருடைய நாடு அரையிறுதி வரை போனபோதுதான் உலகத்தின் பெரும்பகுதி அவர் பெயரை முதன்முறையாகக் கேட்டது. அதற்குள் அவருக்கு வயது 28. அந்த ஒரு மாதத்துக்குப் பின்னால் பத்தாண்டு கால வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால்தான் 1994-ஐப் புரிந்துகொள்ள முடியும்.

சொந்த ஊரில் மரிட்ஸா அணியில் பந்தைப் பழகிய சிறுவன், பதின்பருவத்தில் ஹர்மன்லி என்ற சிற்றூரின் ஹெப்ரோஸ் அணிக்குப் போனார். அங்கிருந்து 1984-ல் தலைநகர் சோஃபியாவின் சி.எஸ்.கே.ஏ. அணி அவரை அழைத்துக்கொண்டது. சி.எஸ்.கே.ஏ. ராணுவத்தின் அணி. அதே நகரத்தின் லெவ்ஸ்கி அணியோடு அதற்கு இருந்த பகை, விளையாட்டுக்கு அப்பாலும் நீண்டது.

அந்தப் பகை 1985 ஜூன் 19 அன்று பல்கேரியக் கோப்பை இறுதியாட்டத்தில் வெடித்தது. சி.எஸ்.கே.ஏ. 2-1 என்று வென்ற ஆட்டத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள். விளையாட்டுத் துறை அதிகாரிகளோடு இது நிற்கவில்லை. ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியே தலையிட்டது. இரண்டு அணிகளும் கலைக்கப்பட்டு, ஸ்ரெடெட்ஸ், விட்டோஷா என்ற புதிய பெயர்களில் திரும்ப அமைக்கப்பட்டன. சில வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் 19 வயது ஸ்டோய்ச்கோவ். எதிர்த்தரப்பில் அதே தண்டனை பெற்றவர் லெவ்ஸ்கியின் கோல்கீப்பர் போரிஸ்லாவ் மிஹைலோவ். ஒன்பது ஆண்டுகள் கழித்து இந்த இருவரும்தான் ஒரே சீருடையில் உலகக் கோப்பைக்காக அமெரிக்காவில் இறங்கினார்கள், மிஹைலோவ் அணித்தலைவர்.

தடை நீடிக்கவில்லை. ஓராண்டு வாக்கில் தண்டனை தளர்த்தப்பட்டு ஸ்டோய்ச்கோவ் களத்துக்குத் திரும்பினார். பயிற்சியாளர் டிமிட்டர் பெனெவ் அவரை நம்பினார். பெனெவின் சகோதரர் மகன் லியூபோஸ்லாவ் பெனெவ், எமில் கொஸ்டாடினோவ், ஸ்டோய்ச்கோவ் ஆகிய மூவரும் சேர்ந்து அன்றைய பல்கேரியாவின் மிக ஆபத்தான முன்கள வரிசையானார்கள். 1987, 1989, 1990 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம் அந்த அணிக்கே போனது.

1989 ஏப்ரலில் அவருடைய வாழ்க்கை திசைமாறியது. ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பையின் அரையிறுதியில் எதிரே நின்றது பார்சிலோனா. கேம்ப் நூ மைதானத்தில் பார்சிலோனா 4-2 என்று வென்றது; சோஃபியாவிலும் 2-1 என்று வென்றது. பல்கேரிய அணி இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது, ஆனால் அது அடித்த மூன்று கோல்களும் ஸ்டோய்ச்கோவின் காலிலிருந்து வந்தவை. பார்சிலோனாவின் பயிற்சியாளர் யோஹான் க்ரைஃப் அவரைக் குறித்துவைத்துக்கொண்டார்.

குறித்துவைத்தால் மட்டும் போதாது. கம்யூனிச ஆட்சியில் ஒரு வீரர் மேற்கு ஐரோப்பாவுக்கு ஆடப் போவதென்றால் அரசு மனம் வைக்க வேண்டும். 1989 நவம்பர் 10 அன்று, முப்பத்தைந்து ஆண்டுகள் அதிகாரத்தில் இருந்த தொடோர் ஷிவ்கோவ் பதவியிழந்தார். அடுத்த கோடையில் ஸ்டோய்ச்கோவ் பார்சிலோனாவில் இருந்தார். கிளம்புவதற்கு முன் ஆடிய கடைசி லீக் பருவத்தில் 30 ஆட்டங்களில் 38 கோல்கள் அடித்திருந்தார். ஐரோப்பிய லீக்குகளில் அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ரியல் மாட்ரிட்டின் ஹூகோ சான்செஸோடு பகிர்ந்துகொண்டார். அந்தத் தலைமுறையின் மற்ற வீரர்களும் ஒருவர் பின் ஒருவராகப் போர்ச்சுகல், ஸ்பெயின், ஜெர்மனி என்று பரவினார்கள். 1994-ன் பல்கேரிய அணி இப்படித்தான் உருவானது: பயிற்சி பழைய அமைப்பில், அனுபவம் மேற்கின் பெரிய லீக்குகளில்.

பார்சிலோனாவில் முதல் பருவத்திலேயே அவருக்குத் தடை விழுந்தது. 1990 டிசம்பரில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான ஸ்பானிய சூப்பர் கோப்பை ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டபோது நடுவரின் காலை மிதித்துவிட்டார். ஆறு மாதத் தடை விதிக்கப்பட்டு, பிறகு அது குறைக்கப்பட்டது. வேறு எந்தப் பெரிய அணியாக இருந்தாலும் அத்தோடு அவரை அனுப்பியிருக்கக்கூடும். க்ரைஃப் அனுப்பவில்லை. பந்தை அழகாகப் பரிமாறத் தெரிந்த வீரர்கள் அவரிடம் ஏராளம். தோல்வியைச் சகிக்காமல் கொதிக்கிற ஒருவர் அந்தக் கூட்டத்துக்குத் தேவை என்று அவர் கருதினார். அவருடைய கணக்கு சரி என்பதை அடுத்த நான்கு ஆண்டுகள் காட்டின.

ஸ்டோய்ச்கோவ் முழுக்க இடதுகால் ஆட்டக்காரர். கோல் வாசலில் காத்திருக்கும் வகை முன்கள வீரரும் அல்ல. இடதுபுறத்திலிருந்தோ நடுவிலிருந்தோ கிளம்பி, தடுப்பாட்டக்காரர்களுக்கு இடையே உள்ள வெற்றிடத்துக்குள் முழு வேகத்தில் பாய்வார். ஓட்டத்தைக் குறைக்காமலே அடிப்பார். அந்த அடியில் கால் வீச்சு குறைவு, வேகம் அதிகம். கோல்கீப்பருக்கு அது எப்போது கிளம்பும் என்று கணிக்க நேரம் கிடைக்காது. ஃப்ரீ கிக், பெனால்டி இரண்டும் அவர் பொறுப்பு. முதுகில் எட்டாம் எண்.

1991 முதல் 1994 வரை பார்சிலோனா தொடர்ந்து நான்கு முறை ஸ்பானிய லீக்கை வென்றது. அவற்றில் கடைசி மூன்றும் பருவத்தின் இறுதி நாளில்தான் முடிவாயின. இடையே 1992 மே 20 அன்று லண்டன் வெம்ப்ளியில் இத்தாலியின் சாம்ப்டோரியாவை 1-0 என்று வென்று, அந்த கிளப் அதுவரை எட்டாத ஐரோப்பியக் கோப்பையைக் கைப்பற்றியது. ஸ்டோய்ச்கோவின் ஓர் அடி கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூடுதல் நேரத்தில் கிடைத்த ஃப்ரீ கிக்கில் பந்தை அவர் உருட்டிவிட, பக்கேரோ நிறுத்தி வைக்க, ரொனால்ட் கூமன் அதை வலைக்குள் அனுப்பினார். அந்த ஆண்டு தங்கப் பந்து வாக்கெடுப்பில் மார்க்கோ வான் பாஸ்டனுக்கு அடுத்து இரண்டாம் இடம் ஸ்டோய்ச்கோவுக்கு.

1993-ல் பிரேசிலின் ரொமாரியோ வந்து சேர்ந்தார். இருவரும் இணைந்து ஆடிய அந்த ஒரு முழுப் பருவம் இன்றும் பார்சிலோனாவில் பேசப்படுகிறது. 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று நொறுக்கியது அந்த அணிதான். அதே அணி மே மாதம் ஏதென்ஸில் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் ஏ.சி. மிலானிடம் 0-4 என்று வீழ்ந்தது. அந்தத் தோல்வியின் காயத்தோடுதான் ஸ்டோய்ச்கோவ் உலகக் கோப்பைக்குக் கிளம்பினார்.

பல்கேரியா அங்கே போனதே கடைசி விநாடியில். 1993 நவம்பர் 17 அன்று பாரிஸில் நடந்த தகுதிச்சுற்றின் இறுதி ஆட்டத்தில் பிரான்ஸுக்கு டிரா போதும். ஆட்டம் 1-1 என்று முடியவிருந்த வேளையில் லியூபோஸ்லாவ் பெனெவ் தூக்கிக் கொடுத்த பந்தைக் கொஸ்டாடினோவ் மேல்கம்பத்தை உரசியபடி உள்ளே அடித்தார். பிரான்ஸ் வெளியே, பல்கேரியா உள்ளே. அந்தப் பந்தைக் கொடுத்த பெனெவுக்குச் சில மாதங்களில் புற்றுநோய் கண்டறியப்பட்டது. உலகக் கோப்பையில் அவரால் ஆட முடியவில்லை.

அதற்கு முன் ஐந்து உலகக் கோப்பைகளில் 16 ஆட்டங்கள் ஆடியும் பல்கேரியா ஒன்றில்கூட வென்றதில்லை. அமெரிக்காவில் முதல் ஆட்டத்தில் நைஜீரியா 3-0 என்று வென்றபோது அது 17 ஆனது. ஸ்டோய்ச்கோவ் அந்த ஆட்டத்தில் ஒரு ஃப்ரீ கிக்கை நேரடியாக வலைக்குள் அடித்தார். அது மறைமுக ஃப்ரீ கிக் என்பதால் கோல் ஏற்கப்படவில்லை. அடுத்து கிரேக்கத்தை 4-0 என்று வென்றார்கள். ஸ்டோய்ச்கோவின் இரண்டு பெனால்டிகள் அதில் அடக்கம். நாட்டின் முதல் உலகக் கோப்பை வெற்றி அது. மூன்றாவது ஆட்டத்தில் அர்ஜென்டினா. ஊக்கமருந்து சோதனையில் சிக்கிய மரடோனா இல்லாத அந்த அணியின் தடுப்பைப் பிளந்து ஸ்டோய்ச்கோவ் முதல் கோலை அடித்தார். சற்று நேரத்தில் பல்கேரியாவில் ஒருவர் வெளியேற்றப்பட்டும் பத்துப் பேரோடு 2-0 என்று முடித்தார்கள். இரண்டாம் சுற்றில் மெக்சிகோவுக்கு எதிராக ஆறாவது நிமிடத்தில் மீண்டும் அவரே. ஆட்டம் 1-1 ஆகி, பெனால்டி ஷூட்-அவுட்டில் மிஹைலோவ் காப்பாற்றினார்.

ஜூலை 10 அன்று நியூ ஜெர்சியில் காலிறுதி. எதிரே நடப்பு சாம்பியன் ஜெர்மனி. மத்தேயஸின் பெனால்டியால் ஜெர்மனி முந்தியது. 75-ஆவது நிமிடத்தில் பெனால்டி எல்லைக்கு வெளியே கிடைத்த ஃப்ரீ கிக்கை ஸ்டோய்ச்கோவ் தடுப்புச் சுவருக்கு மேலே வளைத்து அடித்தார். கோல்கீப்பர் இல்க்னர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மூன்றே நிமிடங்களில் யோர்தான் லெச்கோவ் பாய்ந்து தலையால் முட்டினார். 2-1. உலகக் கோப்பை வரலாற்றில் மிகப் பெரிய அதிர்ச்சிகளில் ஒன்று என்று இதைச் சொல்வதுண்டு. பல்கேரிய வீரர்கள் எந்தெந்த லீக்குகளில் ஆடிப் பழகியிருந்தார்கள் என்பதைப் பார்த்தால், அதிர்ச்சி என்ற சொல் அவர்களுக்கு நியாயம் செய்யவில்லை.

அரையிறுதியில் ராபர்ட்டோ பாஜ்ஜியோ நான்கு நிமிட இடைவெளியில் அடித்த இரண்டு கோல்களால் இத்தாலி 2-1 என்று வென்றது. பல்கேரியாவின் ஒரே கோல் ஸ்டோய்ச்கோவின் பெனால்டி. இரண்டாம் பாதியில் இத்தாலியத் தடுப்பாட்டக்காரரின் கையில் பந்து பட்டதாகப் பல்கேரியர்கள் முறையிட்டும் நடுவர் பெனால்டி தரவில்லை. களைத்துப்போன அணி மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் ஸ்வீடனிடம் 0-4 என்று தோற்றது. 6 கோல்களோடு ஸ்டோய்ச்கோவும் ரஷ்யாவின் ஒலெக் சலென்கோவும் தொடரின் தங்கக் காலணியைப் பகிர்ந்துகொண்டார்கள். சலென்கோவின் ஐந்து கோல்கள் கேமரூனுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் வந்தவை; ஸ்டோய்ச்கோவோ ஐந்து வெவ்வேறு அணிகளுக்கு எதிராக அடித்தார்.

ஆண்டு முடிவில் தங்கப் பந்து அவருக்கு வந்தது. பாஜ்ஜியோ இரண்டாம் இடம், மால்டினி மூன்றாம் இடம். உலகக் கோப்பையை வென்ற ரொமாரியோ ஏன் பட்டியலில் இல்லை என்ற கேள்வி எழலாம். அந்த விருது அப்போது ஐரோப்பிய நாட்டவருக்கு மட்டுமே உரியது. அடுத்த ஆண்டுதான் விதி மாறியது. நாட்டு எல்லை பாராத ஃபிஃபாவின் ஆண்டு விருதில் ரொமாரியோ முதலிடமும் ஸ்டோய்ச்கோவ் இரண்டாமிடமும் பெற்றார்கள்.

அதன் பிறகு வேகம் குறைந்தது. க்ரைஃபோடு உறவு கசந்து 1995-ல் இத்தாலியின் பார்மாவுக்குப் போனார், அங்கே ஒட்டவில்லை. 1996 யூரோ கோப்பையில் பல்கேரியா அடித்த மூன்று கோல்களும் அவருடையவை என்றாலும் அணி முதல் சுற்றைத் தாண்டவில்லை. மீண்டும் பார்சிலோனா வந்து 1997-ல் கோப்பை வென்றோர் கோப்பையை வென்ற அணியில் இருந்தார். பிறகு சவூதியின் அல் நஸ்ர், ஜப்பானின் கஷிவா ரெய்சோல், அமெரிக்காவின் சிகாகோ ஃபயர் என்று சுற்றினார். சிகாகோவோடு 2000-ல் அமெரிக்க ஓபன் கோப்பையை வென்றார். 2003-ல் டி.சி. யுனைடெட் அணியில் இருந்தபோது, ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவர் மோதியதில் கல்லூரி மாணவர் ஒருவரின் கால் முறிந்தது. அது மன்னிக்க முடியாத ஆட்டம். அவர் மேல் நடவடிக்கையும் எடுக்கப்பட்டது. அந்த ஆண்டே ஓய்வு பெற்றார்.

நாட்டுக்காக ஆடிய ஆட்டங்கள் 83, கோல்கள் 37. எண்ணிக்கையில் தலா 48 கோல்கள் அடித்த ஹ்ரிஸ்டோ போனெவும் டிமிட்டர் பெர்பட்டோவும் அவரை முந்தி நிற்கிறார்கள். பயிற்சியாளராக அவர் சோபிக்கவில்லை. 2004 முதல் 2007 வரை தேசிய அணியைப் பயிற்றுவித்தபோது அணித்தலைவர் ஸ்டிலியான் பெட்ரோவ் விலகும் அளவுக்கு மனக்கசப்பு போனது. 2006 உலகக் கோப்பைக்கு அணி தகுதி பெறவில்லை. ஸ்பெயினின் செல்ட்டா வீகோ, தென்னாப்பிரிக்காவின் மாமெலோடி சன்டவுன்ஸ் பொறுப்புகளும் நீடிக்கவில்லை. பின்னர் அமெரிக்காவின் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சியில் கால்பந்து விமர்சகரானார். 1998-க்குப் பிறகு பல்கேரியா எந்த உலகக் கோப்பையிலும் ஆடவில்லை; அதற்கான காரணங்களைப் பற்றியும், தன் பழைய அணித்தலைவர் மிஹைலோவ் நெடுங்காலம் தலைமை வகித்த நாட்டின் கால்பந்து சங்கத்தைப் பற்றியும் அவர் தன் கருத்தை மறைத்துப் பேசியதில்லை.