நமக்கு ஆகும், அவற்றுக்கு ஆகுமா?

திராட்சை நாய்க்கு ஆகாது என்பது கால்நடை மருத்துவர்களுக்குப் பல ஆண்டுகளாகவே தெரியும். ஒரு கைப்பிடி உலர்திராட்சை தின்ற நாய் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும். அதைவிட அதிகம் தின்ற இன்னொரு நாய் ஒன்றுமே ஆகாமல் ஓடித் திரியும். ஏன் இப்படி என்பது மட்டும் நெடுங்காலம் பிடிபடவில்லை.

துப்பு எதிர்பாராத இடத்திலிருந்து கிடைத்தது. விலங்குகளுக்கு ஏற்படும் நச்சுப் பாதிப்புகளுக்கு ஆலோசனை சொல்லும் அமெரிக்க மையம் ஒன்றுக்கு, குழந்தைகள் உருட்டி விளையாட வீட்டிலேயே பிசைந்து வைத்த மாவைத் தின்றுவிட்ட நாயைப் பற்றி அழைப்பு வந்தது. வாந்தி, சிறுநீரகப் பாதிப்பு என்று எல்லாம் திராட்சை தின்ற நாய்க்கு வருவது போலவே இருந்தன. அந்த மாவில் ‘கிரீம் ஆஃப் டார்டார்’ என்ற சமையல் பொருள் சேர்ந்திருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையில் நிறைய இருப்பதும் இதே அமிலம்தான். ரகத்துக்கும் பழுத்த பதத்துக்கும் ஏற்ப அதன் அளவு கூடும், குறையும். ஒரு நாய் பிழைக்க, ஒரு நாய் இறக்க இதுவே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அந்த மையத்தினர் எழுதினார்கள். அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இன்னொரு பொருளும் இடம்பெற்றது. புளி!

புளி இல்லாத தமிழ்ச் சமையலறை ஏது? நம் வீடு நம் உடலுக்காக அமைந்தது. அடுப்படி, மருந்துப் பெட்டி, தரை, மாடி எல்லாமே மனிதரின் கல்லீரலுக்கும் தோலுக்கும் காதுக்கும் ஏற்றவை. அதே வீட்டில் நாயும் பூனையும் வேறோர் உடலோடு வாழ்கின்றன. அவற்றுக்குப் பாதுகாப்பான வீட்டை அமைக்க விலை உயர்ந்த மெத்தையோ பொம்மையோ முதல் தேவை இல்லை. அந்த உடல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீந்த சாம்பார் சாதம்

நம் ஊரில் பல வீட்டு நாய்களுக்கு மதியம் மீந்த சாம்பார் சாதம்தான் சாப்பாடு. அந்த ஆய்வில் புளியால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட நாய்கள் தின்றது அதிக அளவு. ஒரு தட்டுச் சோற்றில் கரைந்திருப்பது சிறிதளவுதான். ஆனால் புளியின் சதைப்பற்றில் 8 முதல் 18 சதவீதம் வரை டார்டாரிக் அமிலம் இருக்கும். கோடையில் ஆண்டுக்குத் தேவையான புளியை வாங்கி, மொட்டை மாடியில் பாயில் பரப்பிக் காயவைத்து, கொட்டை எடுப்பது நம் வழக்கம். நாய் அந்தப் பாயருகே போகாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

சாம்பார் சாதத்தில் இதைவிடப் பெரிய கவலை வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாய், பூனையின் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபினைக் கெடுத்து, அணுக்களை உடைத்துவிடும். வேகவைத்தாலும், வதக்கினாலும், பொடியாக அரைத்தாலும் இந்த நச்சு போவதில்லை. நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் பாதிப்பை உண்டாக்கும். பூனைக்கு கிலோவுக்கு 5 கிராமே போதும். அதாவது நான்கு கிலோ பூனைக்கு மூன்று நான்கு சின்ன வெங்காயம். உடனே எதுவும் தெரியாது. சில நாட்கள் கழித்து ஈறு வெளுக்கும், சிறுநீர் அடர்பழுப்பாகப் போகும், பிராணி சோர்ந்து படுத்துவிடும். அதற்குள் என்ன தின்றது என்பதே நமக்கு மறந்துபோயிருக்கும்.

சோறு கொடுப்பதில் தவறில்லை. தாளிப்பதற்கு முன்பே, உப்பு, காரம், வெங்காயம் சேராத வெறும் சோற்றோடு வேகவைத்த கோழிக்கறியோ முட்டையோ தனியாக எடுத்து வைத்துவிடலாம். பாயசத்தில் போடும் உலர்திராட்சை, சாக்லேட், சைலிடால் என்ற இனிப்பூட்டி சேர்ந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் ஆகிய மூன்றையும் நாய்க்கு எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்.

பூனையிடம் இல்லாத நொதி

பூனை என்பது சிறிய நாய் இல்லை. அதன் கல்லீரலே வேறு. உடலுக்குள் வரும் பல வேதிப்பொருட்களை மனிதக் கல்லீரல் ஒருவகைச் சர்க்கரை அமிலத்தோடு பிணைத்து, நீரில் கரையவைத்து, சிறுநீரில் அனுப்பிவிடும். இந்தப் பிணைப்பைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றை உருவாக்கும் மரபணு, பூனையில் சிதைந்துபோய்ச் செயலற்றுக் கிடக்கிறது. சிங்கம், புலி, சிறுத்தைக்கும் இதே நிலைதான் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த குடும்பத்துக்குத் தாவர நச்சுகளை முறிக்கும் கருவி தேவைப்படவில்லை; பயன்படாத மரபணு காலப்போக்கில் கெட்டுவிட்டது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

இன்றைய வீட்டில் இந்த ஒரு குறை பல ஆபத்துகளாக வந்து நிற்கிறது. முதலாவது, பாராசிட்டமால். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று பூனையின் உயிரைப் பறிக்கப் போதுமானது. பூனையால் மருந்தை வெளியேற்ற முடியாமல், அது நச்சாக மாறி இரத்தத்தின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் குலைக்கிறது. ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சுத் திணறும். முறிமருந்து உண்டு. ஆனால் சில மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று அன்போடு கால் மாத்திரையைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, தரை துடைக்கும் பினாயில். துடைத்த ஈரம் காய்வதற்குள் பூனை கூடத்தைக் கடந்து போகும். ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, முன்காலைத் தூக்கி, விரல்களை அகல விரித்து, ஒவ்வோர் இடுக்கையும் நாக்கால் நக்கிச் சுத்தம் செய்யும். பாதத்தில் ஒட்டிய அத்தனையும் வயிற்றுக்குள் போகும். பினால் சேர்ந்த திரவங்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க இயலாது. ஆகவே குறைவாகக் கலக்குங்கள், வெறும் தண்ணீரில் ஒருமுறை அலசித் துடையுங்கள், தரை நன்றாகக் காயும்வரை பூனையை வேறு அறையில் வையுங்கள்.

மூன்றாவது, நாய்க்கு உண்ணி ஒழிக்கப் பிடரியில் விடும் சொட்டு மருந்து. பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டால் நடுக்கமும் வலிப்பும் வந்து உயிரே போகலாம். நாயும் பூனையும் சேர்ந்து படுக்கும் வீட்டில், மருந்து போட்ட நாயைக் காயும்வரை தனியே வைக்க வேண்டும். அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் பூஜைக் கற்பூரமும் இரண்டு பிராணிகளுக்குமே நஞ்சு.

வாசலிலும் பால்கனியிலும் வைத்திருக்கும் செடிகளையும் ஒருமுறை பாருங்கள். அரளியின் இலை, பூ, தண்டு அனைத்தும் இதயத்தைத் தாக்கும். அழகுக்காகத் தொட்டியில் வளர்க்கும் சைகஸின் விதை நாயின் கல்லீரலை அழிக்கும். மணி பிளான்ட் உயிரைக் கொல்லாது. ஆனால் கடித்த வாயை ஊசி போன்ற படிகங்களால் எரியவைக்கும்.

வியர்க்காத உடல்

நாய்க்கு வியர்வைச் சுரப்பி உள்ளங்காலில் மட்டும்தான் பயன்படும் அளவுக்கு உண்டு. உடல் முழுவதும் வியர்த்து நாம் ஆற்றிக்கொள்ளும் வெப்பத்தை அது நாக்காலும் மூக்காலும் ஆற்ற வேண்டும். இளைக்கும்போது நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் மூச்சு விடும். மூக்கினுள் சுருள்சுருளாக மடிந்த ஈரச் சவ்வின் மேல் காற்று உரசி ஓடி, ஈரத்தை ஆவியாக்கி, இரத்தத்தைக் குளிர்விக்கிறது. சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களின் நீண்ட முகத்தில் இதற்கு இடம் தாராளம். பக் போன்ற தட்டை மூக்கு நாய்களில் இந்த இடம் நசுங்கிப்போயிருக்கிறது; கோடையில் அவை படும் பாட்டுக்குக் காரணம் இதுதான்.

காற்றில் ஈரப்பதம் மிகுந்தால் ஆவியாதல் குறையும். ஆகவே சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் வெயில் சற்றுக் குறைந்த நாளிலும் நாய்க்கு ஆபத்து உண்டு. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41-ஐத் தாண்டினால் உறுப்புகள் பழுதாகத் தொடங்கும். அக்னி நட்சத்திரக் காலத்தில் மொட்டை மாடியிலோ, தகரக் கூரைக்கடியிலோ நாயைக் கட்டிப்போடுவது கொடுமை. மின்விசிறி மட்டும் போதாது. வியர்க்காத உடலில் ஆவியாக ஈரம் இல்லை. வயிற்றையும் தொடையிடுக்கையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் பிறகு விசிறி போட்டால்தான் குளிரும். குடிக்கும் தண்ணீரை நிழலில் இரண்டு இடங்களில் வைத்துவிடுங்கள். நடைக்குக் கூட்டிப்போகுமுன் உங்கள் புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாய் வெப்பத்தால் தள்ளாடிச் சுருண்டு விழுந்தால், முதலில் குளிர்வித்துவிட்டுப் பிறகு மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் அதிர்ச்சியில் இறந்துவிடும் என்ற பழைய அச்சம் தவறு. தண்ணீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிக் காற்றுப் படும்படி வைத்து, அதன்பின் வண்டியில் ஏற்றுங்கள். 2023-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வில், வெப்பத்தாக்கத்துக்கு ஆளான நாய்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு மட்டுமே இந்த முதலுதவி கிடைத்திருந்தது.

பூனையின் கணக்கு வேறு. உடல் தனி உழைப்பின்றி வெப்பத்தைச் சீராக வைத்துக்கொள்ளும் நிலை நாய்க்கு 20 முதல் 30 டிகிரி. பூனைக்கு 30 முதல் 38 டிகிரி. நமக்கு இதமான ஏசி அறை பூனைக்குக் குளிர். கதவைச் சற்றுத் திறந்து வைத்தால், தனக்கு வேண்டிய இடத்தை அதுவே தேடிக்கொள்ளும்.

தரையும் உயரமும்

டைல்ஸ், கிரானைட் தரையில் நாய் திரும்பும்போது பாருங்கள். விரல்கள் விரிந்து நகம் கீறும், பின்னங்கால்கள் பக்கவாட்டில் சறுக்கும். நகத்தால் மண்ணைக் கவ்வி ஓடப் பழகிய காலுக்கு அங்கே பிடிமானமே இல்லை. வளரும் குட்டிக்கும் மூட்டு தேய்ந்த கிழட்டு நாய்க்கும் இது வேதனை. நார்வேயில் லாப்ரடார் உள்ளிட்ட பெரிய இனக் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று, பிறந்த மூன்று மாதத்துக்குள் தினமும் படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு வரும் வாய்ப்பு அதிகம் என்றும், மிருதுவான மண்ணில் தானாக ஓடி விளையாடியவற்றுக்குக் குறைவு என்றும் கண்டது. நாய் வழக்கமாக நடக்கும் பாதையில் நழுவாத கால்மிதியோ தைத்த கோணிச் சாக்கோ விரித்தாலே போதும். குட்டியைப் படியில் தூக்கிச் செல்லுங்கள், நகத்தை வளரவிடாதீர்கள்.

அந்தச் சாக்கையும் நாய் படுக்கும் துணியையும் வெயிலில் உதறிக் காயப்போடுவது அவசியம். நாய் உண்ணி தன் ஆயுளின் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. சுவர் விரிசலிலும் கதவு இடுக்கிலும்தான் ஒளிந்திருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டு வீட்டை விட்டுவிட்டால், இரத்தத்தைத் தாக்கும் உண்ணிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்.

அடுக்குமாடிகளில் பூனைக்குப் பால்கனிதான் கண்டம். எதிரே புறா வந்து உட்கார்ந்தால் அதன் கவனம் முழுவதும் புறாவின் மேல்தான். 1987-இல் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், மாடியிலிருந்து விழுந்து ஐந்தே மாதத்தில் அங்கே வந்த 132 பூனைகளைப் பற்றி எழுதினார்கள். சிகிச்சை பெற்றவற்றில் 90 சதவீதம் பிழைத்தன. ஆனால் நெஞ்சு அடிபட்டவையும் தாடையும் காலும் ஒடிந்தவையும் ஏராளம். விழுந்த இடத்திலேயே இறந்தவை இந்தக் கணக்கில் வரவே இல்லை. புறாவைத் தடுக்க நாம் கட்டும் வலையையே இடைவெளியின்றி இறுக்கிக் கட்டினால் பூனையும் தப்பும்.

காதும் ஒளிவிடமும்

மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நாய்க்கு ஏறத்தாழ 45,000, பூனைக்கு ஏறத்தாழ 85,000 வரை கேட்கும். தீபாவளி வெடி அவற்றுக்கு எங்கிருந்து, ஏன் வருகிறது என்று புரியாத தாக்குதல். அன்று ஜன்னல் குறைவான உள்ளறையில், திரை போட்டு, விசிறியோ பாட்டோ ஓடவிட்டு வைத்திருங்கள். கழுத்துப் பட்டையில் உங்கள் தொலைபேசி எண் இருக்கட்டும். மிரண்டு ஓடித் தொலைந்தால் வீடு திரும்ப அதுவே வழி. பயந்த நாயை அணைத்துத் தேற்றினால் பயம் அதிகமாகும் என்று சொல்வார்கள். அது சரியில்லை. தாராளமாகத் தேற்றுங்கள். மிகவும் நடுங்கும் நாய்க்குப் பண்டிகைக்கு முன்பே மருத்துவரிடம் மருந்து கேட்டு வைக்கலாம்.

பூனைக்கு ஒளிய ஓர் இடம் தேவை. 2014-இல் வெளியான ஆய்வுக்காக, நெதர்லாந்தின் காப்பகம் ஒன்றில் புதிதாக வந்த 19 பூனைகளில் ஏறத்தாழப் பாதிக்கு மட்டும் நுழைந்து படுக்கும் பெட்டி கொடுத்துப் பார்த்தார்கள். பெட்டி கிடைத்த பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் பதற்றம் தணிந்து புது இடத்துக்குப் பழகின. நாம் எடைக்குப் போடும் அட்டைப்பெட்டியே அதற்குப் போதும். ஒளிந்திருக்கும் பூனையைக் கையை விட்டு வெளியே இழுக்காமல் இருப்பது நம் பங்கு.

இன்று மாலையே மூன்று காரியம் செய்யுங்கள். மாத்திரைகளைக் கதவுள்ள அலமாரிக்கு மாற்றுங்கள். இரவிலும் அழைக்கக்கூடிய கால்நடை மருத்துவரின் எண்ணைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் உள்ள எல்லோரிடமும், ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியிடமும், பிராணிக்கு எதைக் கொடுக்கக் கூடாது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். ஆகாததைத் தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள், உப்பே நஞ்சாகிவிடும். தின்ற பொருளின் உறையை எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் கிளம்புங்கள். எங்கே வலிக்கிறது, எதைத் தின்றேன் என்று வாய் திறந்து சொல்ல முடியாத உயிர் நம்மை நம்பி வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதற்காக முன்கூட்டியே யோசிக்க வேண்டிய பொறுப்பு முழுக்க நம்முடையது.