5 டாலர் டி-ஷர்ட்... 2025-ல் 50 சதவிகிதக் கூடுதல் வரி! திருப்பூர் என்ன செய்யலாம்?

திருப்பூரில் தைத்த ஒரு காட்டன் டி-ஷர்ட். கப்பலேறும்போது விலை 5 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இதற்கு வழக்கமான வரி 16.5 சதவிகிதம். அதாவது, 83 சென்ட். அதன்மேல் 2025 ஆகஸ்ட் 7-ம் தேதி முதல் கூடுதலாக 25 சதவிகிதம் விதிக்கப்பட்டது. ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குகிறோம் என்று காரணம் சொல்லி, ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 சேர்ந்தது. அப்போது வரி மட்டுமே 3.30 டாலரைத் தாண்டியது.

பங்களாதேஷுக்கும் வியட்நாமுக்கும் அப்போது கூடுதல் வரி 20 சதவிகிதமாகத்தான் இருந்தது. அங்கிருந்து போன அதே டி-ஷர்ட்டுக்கு வரி சுமார் 1.80 டாலராக இருந்தது. வித்தியாசம் ஒன்றரை டாலர். நம் பணத்தில் 130 ரூபாய். ஒரு பனியனில் அவ்வளவு லாபம் யாருக்கு நிற்கிறது?

'வரியைக் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தானே, நமக்கென்ன?' என்று கேட்கலாம். கட்டுவது அவர்தான். ஆனால், கட்டுவதற்கு முன் 'விலையைக் குறைங்க' என்று மெயில் அனுப்பிவிடுவார். கம்பெனி குறைத்தால், பவர் டேபிள்காரரின் பீஸ் ரேட் குறையும். காஜா பட்டன், செக்கிங், அயர்னிங் என்று வரிசையாக இறங்கும். ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகும். அந்த அரை ஷிப்ட் பணத்தில்தான் பல வீடுகளில் வாடகையும் ஸ்கூல் ஃபீஸும் ஓடுகின்றன.

சரி, என்ன செய்யலாம்?

விலை குறைத்தே ஆகவேண்டும் என்றால், 'இந்த ஆர்டருக்கு மட்டும்' என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். வரி பிறகு இறங்கினாலும், ஒருமுறை இறங்கிய விலை தானாக ஏறாது. பையர் திவாலானாலோ, பணம் தராமல் இழுத்தாலோ இ.சி.ஜி.சி. காப்பீடு கைகொடுக்கும். வரியால் குறையும் லாபத்துக்கு அது பொறுப்பேற்காது.

பஞ்சு இறக்குமதிக்கான 11 சதவிகித வரியை மத்திய அரசு 2025 டிசம்பர் 31 வரை நீக்கியிருந்தது. 

பிரிட்டனுடன் 2025 ஜூலை 24-ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி நம் ஆடைகளுக்கு அங்கே வரி இல்லை.  சாம்பிள் அனுப்பும் வேலையை இப்போதே தொடங்கலாம்.

'உள்ளூரில் விற்கலாமே' என்று டி.வி. விவாதங்களில் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். 2,500 ரூபாய் வரையிலான ஆடைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான் என்பது நல்ல விஷயம். ஆனால், அமெரிக்க அளவில் தைத்த சரக்கை மொத்தமாகக் காதர்பேட்டையில் இறக்கினால், ஏற்கெனவே உள்ளூருக்குத் தைப்பவரின் விலையும் சேர்ந்து படுத்துவிடும். கடன் வியாபாரம் வேறு. நம் ஊர் அளவு, நம் ஊர் வெயிலுக்கேற்ற துணி என்று தனியாகத் தைப்பவர்களுக்கே அது சரிப்படும்.

ஜாப் ஒர்க் செய்பவர்கள் கவனத்துக்கு... உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாள்களுக்குள் பணம் தரவேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் ஆன்லைனில் புகார் செய்யலாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதாரும் பான் கார்டும் தேவை.