100 வரை சொன்னால் போதுமா?

உங்கள் வீட்டுக் குழந்தைக்கு வயது 4. ஒன்று முதல் நூறு வரை கடகடவென்று சொல்கிறது. வந்தவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள். சந்தோஷம்தான்!

இப்போது ஒரு கை புளியங்கொட்டையைத் தரையில் பரப்புங்கள். "இதில் 7 எடுத்துக் கொடு, கண்ணு" என்று கேளுங்கள்.

பல குழந்தைகள் திணறும். சில குழந்தைகள் கை நிறைய அள்ளிக் கொடுக்கும். வாய்க்கு வந்தது கைக்கு இன்னும் வரவில்லை. அதற்காகக் குழந்தையை அதட்டக் கூடாது. முதல் பாடத்தை விட்டுவிட்டோம், அவ்வளவுதான்.

முதல் பாடம் எது?

பிரித்து வைப்பதுதான் முதல் பாடம். "கூடையில் எத்தனை மாம்பழம்?" என்று கேட்கிறோம். எது மாம்பழம், எது கொய்யா என்று தெரிந்தால்தானே எண்ண முடியும்?

இதற்கு நெல்லைச் சீமையிலேயே நல்ல சாமான் இருக்கிறது. தாமிரபரணிக் கரையில் உள்ள அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பேர் போன ஊர். மரத்தைக் கடைசல் பிடித்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். அம்மி, உரல், பானை, குடம் என்று ஒரு அடுப்படியே சின்னதாகக் கைக்கு வந்துவிடும்!

முதலில், "சிவப்பெல்லாம் ஒரு பக்கம் வை" என்று சொல்லுங்கள். அது பழகிய பிறகு, "பானையெல்லாம் ஒரு பக்கம் வை" என்று சொல்லுங்கள். முன்பு சிவப்போடு சேர்ந்த பானை, இப்போது பச்சைப் பானையோடு சேர்கிறது. ஒரே பொருளை இரண்டு விதமாகப் பார்க்கலாம் என்று குழந்தைக்குப் புரிகிறது. பிறகு சிறியது முதல் பெரியது வரை வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டு நேரத்திலும் பாடம் உண்டு. "ஆளுக்கு ஒரு தம்ளர் வை" என்று சொல்லுங்கள். ஓர் ஆளுக்கு ஒரு தம்ளர். ஒரு கொட்டைக்கு ஓர் எண். எண்ணுவதன் ரகசியமே இதுதான்.

அம்மையார் காட்டிய வழி

இத்தாலி நாட்டு டாக்டர் மாண்டிசோரி அம்மையார் 1907-ல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார். அங்கே குழந்தைகள் கட்டைகளைத் தொட்டு, பிரித்து, அடுக்கிக் கணக்குக் கற்றார்கள். அம்மையார் 1939-ல் சென்னைக்கு வந்து, அடையாறில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார்.

சுவிட்சர்லாந்து அறிஞர் பியாஜே இன்னொரு வேடிக்கையைக் காட்டினார். நீங்களும் செய்து பாருங்கள். 6 கொட்டைகளை வரிசையாக வையுங்கள். அதன் கீழே இன்னொரு 6 கொட்டைகளை நேருக்கு நேராக வையுங்கள். "இரண்டும் சமம்" என்று குழந்தை சொல்லும். இப்போது கீழ் வரிசையை மட்டும் அகலமாகப் பரப்புங்கள். "இதுதான் அதிகம்!" என்று சொல்லும். வரிசை நீண்டால் எண்ணிக்கையும் கூடும் என்பது பிஞ்சு வயதின் எண்ணம். திரும்பத் திரும்ப விளையாடி, வளர வளர அது தெளியும். அடித்தால் தெளியாது!

ஆச்சியின் பல்லாங்குழி

பிரிக்கவும் எண்ணவும் பழகிய பிள்ளையை ஆச்சியிடம் பல்லாங்குழிக்கு அனுப்புங்கள். 14 குழி. குழிக்கு 5 முத்து போட்டால் மொத்தம் 70. குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது "பசு". கூட்டல், கழித்தல், முன்யோசனை மூன்றும் அதில் அடக்கம்.

ஓர் எச்சரிக்கை! 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் கொட்டை, பயறு, பாசிமணி எதையும் கொடுக்காதீர்கள். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொண்டால் ஆபத்து. அந்த வயதுக்குக் கிண்ணமும் கரண்டியும் போதும். குண்டுமணியை எந்த வயதுப் பிள்ளையிடமும் கொடுக்காதீர்கள். அது விஷம்!

பள்ளியிலும் இதே முறை

கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது பிள்ளைகளின் படிப்பு தடைப்பட்டது. அந்தக் குறையைப் போக்கத் தமிழக அரசு 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தை 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை கொண்டுவந்தது. பாட்டும் விளையாட்டுமாகப் பாடம் நடத்துவது அதன் வழி. ஆனால் பிள்ளை பள்ளிக்குப் போகும் முன்பே 5 வருடம் வீட்டில் இருக்கிறது.

"நான் படிக்கவில்லையே, நான் எப்படிச் சொல்லித் தருவேன்?" என்று சில தாய்மார்கள் தயங்குகிறார்கள். முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் தாய் 25, 25-ஆக எண்ணிக் கட்டுகிறாள். பத்தமடையில் பாய் நெய்யும் தாய் மெல்லிய கோரை வேறு, தடித்த கோரை வேறு என்று பிரிக்கிறாள். பிரிப்பதும் எண்ணுவதும்தானே கணக்கு?

தாயே, உங்களுக்குக் கணக்குத் தெரியும். இன்று சாயங்காலம் 10 நிமிடம் குழந்தையோடு தரையில் உட்காருங்கள். அது போதும்!