பாய்ப்படகின் அடுக்களையும் பழந்திருகாணிகளும்

மும்பையிலோ கொச்சியிலோ பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கி, அதன் அடுக்களையைப் புதுப்பிக்க எண்ணும் அன்பர் திருப்புளியைக் கையில் எடுக்குமுன் எரிவாயுவைக் கவனித்தல் வேண்டும். அவ்வாயு காற்றினும் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் சென்று தங்கும். ஒரு பொறி போதும், படகே வெடித்துவிடும். ஆதலின் சிலிண்டரை மூடி, குழாயில் எஞ்சியதை அடுப்பிலேயே எரித்துத் தீர்த்து, சிலிண்டரைக் கரையில் இறக்கிவிடுக. கழிவுநீர் கடலுக்குச் செல்லும் துளையிலுள்ள வால்வையோ, படகு கரையேறிய பின்னரே கழற்றலாம்.

இனித் திருகாணிகள். கடல்நீர் பித்தளையிலுள்ள துத்தநாகத்தை நாளடைவில் அரித்துவிடுகிறது. எஞ்சுவது வலுவற்ற செம்புக் கூடே. வெளித்தோற்றத்தில் குறை தெரியாது. வலிந்து திருகினால் தலை மட்டும் கையோடு வந்துவிடும். முரட்டு வலிமை இங்கே பகை. தலையின் பிளவைச் சுரண்டித் தூய்மை செய்து, ஈயம் பற்றவைக்கும் கோலைச் சூடாக்கி அதன்மேல் ஓரிரு நிமிடம் வைத்திருங்கள். சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்குவதால் மரத்தின் பிடி தளரும். பிறகு முதலில் மயிரிழை அளவு இறுக்கி, அதன்பின் கழற்றுக. தலை முறிந்ததாயின், பல் வெட்டிய சிறு உருக்குக் குழாயால் சுற்றிலும் குடைந்து, மரத்தோடு எடுத்துவிட்டு, அத்துளையில் மரமுளை வைத்து ஒட்டலாம்.

அலுமினியத்தில் முடுக்கிய எவர்சில்வர் திருகாணி இன்னும் பொல்லாதது. ஈர உப்பில் அவ்விரு உலோகங்களும் கூடுமிடத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு, வெண்பொடியாகி மரையை இறுக்குகிறது. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓரிரவு காத்திருந்து, மறுநாள் இலேசாகத் தட்டிப் பார்ப்பதே வழி.